லேப்டாப் திரை மங்குகிறதா? ஸ்கிரீனை மாற்றும் முன்...

லேப்டாப் திரையின் வெளிச்சம் திடீரெனக் குறைகிறது. பிரைட்னஸ் கீயை எத்தனை முறை அழுத்தினாலும் மாற்றம் இல்லை. புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் பிரச்னை இது. பலர் ஸ்கிரீனே போய்விட்டது என்று பயந்து, பல ஆயிரம் ரூபாய் செலவுக்குத் தயாராகி விடுகின்றனர். அவசரப்பட வேண்டாம். பல கார்களில் இரவில் ஹெட்லைட்டைப் போட்டவுடன் டாஷ்போர்டு விளக்குகள் தாமாகவே மங்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. லேப்டாப்பிலும் பல நேரங்களில் இதுதான் நடக்கிறது.

1. எப்போது மங்குகிறது?

சார்ஜரைக் கழற்றியவுடன் மங்கினால், பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ் வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். கறுப்பான படக் காட்சிகள் வரும்போது மட்டும் மங்குகிறதா? விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே எனச் செல்லுங்கள். பிரைட்னஸ் பகுதியை விரித்து, "சேஞ்ச் பிரைட்னஸ் பேஸ்டு ஆன் கன்டென்ட்" என்பதை "ஆஃப்" செய்திடுங்கள். இந்த வசதி எல்லா லேப்டாப்பிலும் இருக்காது.

2. டிரைவர் சரியாக உள்ளதா?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, "டிஸ்பிளே அடாப்டர்ஸ்" பிரிவைப் பாருங்கள். அங்கு "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்" என்று இருந்தால், சரியான கிராபிக்ஸ் டிரைவர் இயங்கவில்லை. எங்கள் தெருவில் உள்ள கல்லூரி மாணவி ஒருவரிடம், கடையில் ஸ்கிரீனை மாற்றச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்தபோது, விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்தவர்கள் டிரைவரைப் போடாமல் விட்டிருந்தது தெரிந்தது. லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கிப் பதிந்தவுடன் வெளிச்சம் வந்துவிட்டது. செலவு எதுவும் இல்லை.

3. ஹார்ட்வேர் பழுதா?

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். இதற்கான கீ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலீட். அங்கு விண்டோஸ் இயங்காது. எனவே அங்கும் மங்கலாக இருந்தால் பழுது ஹார்ட்வேரில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். மூடியை மெதுவாக அசைக்கும்போது வெளிச்சம் கூடிக் குறைந்தால், கீல் வழியாகச் செல்லும் கேபிளில் கோளாறு இருக்கலாம். அதற்கு முழு ஸ்கிரீனையும் மாற்ற வேண்டியதில்லை.

திரை முற்றிலும் இருண்டுவிட்டால், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் உள்ள பேக்லைட்தான் வெளிச்சம் தருகிறது. டார்ச் ஒளியில் ஐகான்கள் லேசாகத் தெரிந்தால், பேக்லைட்டோ அதற்குச் செல்லும் மின்சாரமோ நின்றுவிட்டது. எச்டிஎம்ஐ கேபிள் மூலம் டிவியில் இணைத்து, விண்டோஸ் கீயுடன் பி அழுத்தி "டூப்ளிகேட்" தேர்ந்தெடுங்கள். டிவியில் படம் நன்றாகத் தெரிந்தால், முதலில் உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள்.

பிறகு கடைக்குச் செல்லலாம். "திரை சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், இந்தச் சோதனைகளில் கண்டதைச் சொல்லுங்கள். தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணம் இழக்க மாட்டீர்கள்.