பஞ்சும் கண்ணீரும்

ஒடியற் கூழ் காய்ச்சுவோர் அறிவர்: கொதி ஏற ஏறக் கூழ் தடிக்கும். அதனைத் தடிக்கச் செய்யும் மாப்பொருளும், பஞ்சிலும் பனை நாரிலுமுள்ள செலுலோசும் குளுக்கோசு மூலக்கூறுகள் தொடுக்கப்பெற்று ஆனவையே. தொடுக்கும் முறைதான் வேறு. அவ்வேறுபாட்டினாற் செலுலோசுச் சங்கிலிகள் நிமிர்ந்து நின்று ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. பஞ்சை எத்துணைக் காலம் ஊறவைப்பினும் கரையாமைக்கு இதுவே காரணம்.

இக்கரையாப் பொருளே இன்று கண்மருந்தாகின்றது. சங்கிலியின் பக்கங்களிலே மெதைல், ஐதரொட்சிபுரோப்பைல் என்னும் கூட்டங்களைப் பொருத்தினால், அவற்றின் பிடி தளர்ந்து நீர் உட்புகும். தெளிந்த கரைசல் உண்டாகும். இதனை ஐபுரோமெலோசு என்பர். அயலூராகிய மானிப்பாயிலே டாக்டர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தாராதலின், பெயர் பிறமொழியதாயினும் இதன் தன்மையைத் தமிழிற் சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை.

சீனி சுடுநீரில் எளிதிற் கரையும். இதுவோ குளிர்நீரிற் கரையும், சுடவைத்தாற் கட்டியாகும், ஆறவிட்டால் மீண்டும் கரையும். ஆகவே மருந்து செய்வோர் தூளை முதலிற் சுடுநீரிலே பரவக் கலக்கிப் பின்னர்க் குளிரச் செய்வர். நேரே குளிர்நீரிற் கொட்டினால், நம் வீட்டு அரிசிமாவைப் போல உள்ளே நனையாத கட்டிகள் தோன்றிவிடும்.

1945இல் அமெரிக்கக் கண்வைத்தியர் கெனெத் சுவான், இவ்வினத்ததாகிய மெதைல் செலுலோசைக் கண்மருந்திற் பயன்படுத்துதல் பற்றி எழுதினார். வெறும் நீர்த்துளி விரைவில் வடிந்துவிடும். பாகுத்தன்மையுள்ள துளி விழிமேற் பரவித் தங்கும். உலர்ந்த கண்ணுக்கு நூற்றுக்கு 0.3 பங்குக் கரைசலே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றது.

இதனினும் அரிய பணி கண்புரைச் சத்திரசிகிச்சையில் உண்டு. விழிவெண்படலத்தின் உட்புறத்தே ஒற்றை வரிசையாய் அமைந்த கலங்கள் கருவி பட்டால் அழியும். அழிந்தவற்றுக்கு ஈடாக மனிதரிற் புதியன தோன்றுவதில்லை. மிகுதியாய் அழிந்தாற் படலம் நீர்கோத்துப் பார்வை மங்கும். நூற்றுக்கு 2 பங்கான கரைசலை உட்செலுத்தினால், அது நுண்குழலிற் சற்றே இளகி ஓடி, உள்ளே மீண்டும் தடித்துக் கலங்களுக்குக் காப்பாய் நிற்கும். விலையும் குறைவு, குளிர்ப்பெட்டியும் வேண்டியதில்லை. ஏழை நாடுகளுக்கு இவை சிறு நன்மைகளல்ல. மதுரையிலே 1976இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையைச் சார்ந்து 1992இல் எழுந்த அரோலாப், கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லைகளோடு இக்கரைசலையும் செய்து வருகின்றது.

சிகிச்சை முடிவில் இதனை முற்றாகக் கழுவியெடுத்தல் வேண்டும். எஞ்சினால், காத்து நின்ற அப்பாகுத்தன்மையே கண்ணீர்மம் வடியும் நுண்வழிகளை அடைத்து, கண்ணின் அமுக்கத்தை உயர்த்திவிடும்.