செனட்டின் இசைவும் காலியான நாற்காலிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி பெரும் அதிகாரம் படைத்தவர். ஆயினும் தம் நிதியமைச்சரையோ, வெளிநாட்டுக்கு அனுப்பும் தூதரையோ, மத்திய நீதிமன்ற நீதிபதியையோ அவர் தம் விருப்பத்தால் மட்டும் பதவியில் அமர்த்திவிட இயலாது. பெயரை முன்மொழிவது அவர் உரிமை. செனட் எனப்படும் மேலவையின் ஆலோசனையும் இசைவும் பெற்ற பின்னரே நியமனம் செய்யலாம் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாம் ஷரத்து விதிக்கிறது. ஏறத்தாழ 1,300 சிவில் பதவிகள் இந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டவை. இராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகளும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டியல்களாகச் செனட்டின் முன் வருகின்றன. இம்முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் செனட் யாரை நிராகரித்தது என்பதையே எழுதுகின்றனர். நிராகரிப்பைக் காட்டிலும் காத்திருப்பே இதில் பெரிய விஷயம் என்பது சற்று உள்ளே நோக்கினால் விளங்கும்.

சமரசத்தில் பிறந்த விதி

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அரசியல் சட்டத்தை வகுத்தவர்களிடையே இது குறித்து ஒருமித்த கருத்து இருக்கவில்லை. நியமன அதிகாரம் முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்தால் அது முடியாட்சியில் போய் முடியும் என்று சிலர் அஞ்சினர். ஒரு சபையிடம் ஒப்படைத்தால் வேண்டியவர்களுக்குப் பதவி தேடும் பேரமே மிஞ்சும் என்று வேறு சிலர் கருதினர். இறுதியில் இரு சாராரும் பாதி விட்டுக்கொடுத்தனர். அந்தச் சமரசத்துக்கு 1788-இல் விளக்கம் எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டன், செனட் மறுப்பது அரிதாகவே நிகழும் எனினும், மறுக்கக்கூடும் என்ற எண்ணமே ஜனாதிபதியை எச்சரிக்கையுடன் நடக்கச் செய்யும் என்று வாதிட்டார்.

சோதனை உடனேயே வந்தது. 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டன் சவானா துறைமுகத்துக் கடற்படை அதிகாரியாகப் பெஞ்சமின் பிஷ்போர்னை முன்மொழிந்தார். ஜார்ஜியா மாநில செனட்டர் ஒருவர் எதிர்க்கவே, செனட் அப்பெயரை ஏற்கவில்லை. ஒரு மாநிலத்துக்குரிய பதவிக்கு அம்மாநில செனட்டரின் சம்மதம் தேவை என்ற வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. 1881-இல் நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரி பதவிக்காக ஜனாதிபதி கார்பீல்டும் செனட்டர் காங்க்ளிங்கும் மோதிக்கொண்டதும் இவ்வழக்கத்தின் பேரால்தான். கார்பீல்டின் விருப்பமே வென்றது. ஆனால் அவ்வாண்டே, பதவி கிடைக்காத ஏமாற்றத்தால் ஒருவன் அவரைச் சுட்டான். தகுதித் தேர்வின் அடிப்படையில் அரசுப் பணியாளரைத் தெரிவு செய்யும் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துயரத்தின் விளைவாகும்.

பெயர் செல்லும் பாதை

முன்மொழியப்படுவோரின் பின்னணியை எப்.பி.ஐ. விசாரிக்கிறது. அவர்தம் சொத்து, பங்கு, கடன் ஆகியவற்றின் விவரங்கள் தனியே ஆராயப்படுகின்றன. பின்னர்ப் பெயர் எழுத்து மூலம் செனட்டுக்கு அனுப்பப்பட்டு, துறைக்குரிய நிலைக்குழுவைச் சென்றடைகிறது. நீதிபதி எனில் நீதித்துறைக் குழு. மத்திய வங்கி ஆளுநர் எனில் வங்கித்துறைக் குழு. குழு விசாரணை நடத்தி, ஏற்கலாம் என்றோ வேண்டாம் என்றோ கருத்துக் கூறாமலோ அவைக்கு அனுப்பலாம். ஒன்றும் செய்யாமல் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அவையில் பெரும்பான்மை வாக்குப் போதும். வாக்குகள் சமமானால் துணை ஜனாதிபதி வாக்களிப்பார்.

வெளிப்படையான தோல்விகள் மிகச் சிலவே. குடியரசு தோன்றிய நாள்முதல் அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்டு வாக்கெடுப்பில் தோற்றவர் ஒன்பதின்மர்தாம். அவருள் கடைசியாக 1989-இல் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு வந்த ஜான் டவர் 47-க்கு 53 என்ற கணக்கில் தோற்றார். 1843-இல் ஜனாதிபதி டைலர், கேலப் குஷிங்கின் பெயரை ஒரே நாளில் மும்முறை அனுப்ப, மும்முறையும் செனட் நிராகரித்தது. மூன்றாம் முறை அவருக்குக் கிடைத்தவை இரண்டே வாக்குகள். பிடிவாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

மறுக்காமல் மறுப்பது

ஒரு பெயரைத் தோற்கடிக்கப் பெரும்பான்மை வேண்டும்; தாமதிக்க ஓர் உறுப்பினரே போதும். செனட்டின் அன்றாட அலுவல்கள் ஒருமனதான இசைவின்பேரில் நடப்பவை. ஒருவர் இசைய மறுத்தால், விவாதத்தை முடிக்கத் தனித் தீர்மானம், அதற்குரிய கால இடைவெளி, பிறகு வாக்கெடுப்பு என ஒவ்வொரு பெயருக்கும் அவையின் நேரம் செலவாகிறது. 2023-இல் ஒரு செனட்டர், பாதுகாப்புத் துறையின் ஒரு கொள்கையை எதிர்த்து, 400-க்கும் மேற்பட்ட இராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகளைப் பல மாதங்கள் நிறுத்திவைத்தார். அந்த அதிகாரிகளின் தகுதியைப் பற்றி அவருக்குப் புகார் ஏதுமில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு 2016 மார்ச்சில் முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டுக்கு விசாரணையே நடைபெறவில்லை. அடுத்த ஜனவரியில் அவர் பெயர் தானே காலாவதியாயிற்று. பொருளாதாரம் பயின்றோர்க்கு நினைவிருக்கும் வேறோர் உதாரணம் பீட்டர் டயமண்ட். 2010-இல் மத்திய வங்கி ஆளுநர் குழுவுக்கு முன்மொழியப்பட்ட அவருக்குப் போதிய அனுபவமில்லை என வங்கித்துறைக் குழுவின் முக்கிய உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். அவ்வாண்டு அக்டோபரில் டயமண்டுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. வேலை தேடுவோரும் வேலை தருவோரும் ஒருவரையொருவர் கண்டடைய ஏன் காலதாமதம் ஆகிறது என்ற ஆராய்ச்சி அப்பரிசுக்குரியது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, 2011 ஜூனில் அவர் விலகிக்கொண்டார்.

இத்தாமதத்தின் சுமையை முன்மொழியப்பட்டவர் மட்டும் தாங்குவதில்லை. மத்திய அரசு ஊழியர் பணிநீக்கம் போன்ற தண்டனைகளை எதிர்த்து முறையிடும் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்தில் மூன்று உறுப்பினர் உண்டு. முடிவெடுக்க இருவராவது வேண்டும். 2017 ஜனவரியில் ஒருவரே எஞ்சினார். அவர் வழக்குக் கட்டுகளைப் படித்துத் தம் கருத்தை எழுதி வைத்துக்கொண்டே வந்தார். இரண்டாமவர் இல்லாமையால் ஒரு தீர்ப்பும் வெளியாகவில்லை. 2019-இல் அவர் பதவிக் காலமும் முடிய, வாரியத்தில் எவருமே இல்லை. ஜனாதிபதி பெயர்களை அனுப்பியதும் தாமதம். அனுப்பியவையும் செனட்டில் வாக்கெடுப்புக்கு வராமல் தங்கின. 2022 மார்ச்சில் வாரியம் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது 3,500-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்து கிடந்தன. வேலையிழந்து ஐந்தாண்டுகள் பதிலின்றி இருந்தவருக்கு, அதிகாரச் சமநிலை பற்றிய தத்துவம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது ஐயமே.

செனட்டும் இதனை உணராமலில்லை. விவாதத்தை முடிக்க 60 பேர் ஆதரவு வேண்டும் என்றிருந்த விதி, 2013-இல் உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்றப் பதவிகளுக்கும், 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கும் தளர்த்தப்பட்டுச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றாயிற்று. 2025 இலையுதிர் காலத்தில் பல பெயர்களை ஒரே வாக்கெடுப்பில் ஏற்கும் முறை வந்தது. செப்டம்பரில் 48 பேரும் அக்டோபரில் 107 பேரும் இவ்வாறு உறுதி செய்யப்பட்டனர். நாற்காலிகள் நிரம்பின என்பது உண்மையே. ஆனால் 107 பெயர்களுக்கு ஒரே வாக்கு எனும்போது, ஒவ்வொருவரையும் தனித்தனியே எடைபோடுவதற்கென ஏற்பட்ட உரிமையில் எஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி எழாமற் போகாது.

நம் அரசியல் நிர்ணய சபையில்

இம்முறை இந்தியாவிலும் பரிசீலிக்கப்பட்டதுண்டு. 1949 மே மாதத்தில் நீதிபதிகள் நியமனம் பற்றிய விவாதத்தின்போது டாக்டர் அம்பேத்கர், சட்டசபையின் இசைவைக் கோரும் அமெரிக்க முறை சிக்கலானது என்றும், அரசியல் நிர்ப்பந்தங்கள் நுழைய இடந்தரும் என்றும் கூறி அதனை விலக்கினார். அடுத்த மாதம் தலைமைத் தேர்தல் ஆணையர் பற்றிய விவாதத்தில் ஷிப்பன் லால் சக்சேனா, அந்நியமனத்தை இரு அவைகளும் கூடிய கூட்டத்தில் மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையால் உறுதி செய்ய வேண்டுமென வற்புறுத்தினார். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு உட்பட்டுக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்பதே 324-ஆம் விதியாயிற்று.

அத்தகைய சட்டம் 2023-இல்தான் இயற்றப்பட்டது. பிரதமர், அவர் குறிப்பிடும் மத்திய அமைச்சர் ஒருவர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் கொண்ட குழு பெயரைப் பரிந்துரைக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் நியமனத்துக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என மூவர் குழுவையே வகுத்துள்ளது. இவ்விரண்டிலும் எதிர்க்கட்சியின் குரலுக்குக் குழுவுக்குள் இடமுண்டு. குழுவின் பரிந்துரை அவையின் வாக்கெடுப்புக்கு வருவதில்லை.