நீலச் சட்டையும் திருஷ்டிப் பொம்மையும்: சென்னையின் எஃப்சியின் கதை

சென்னையின் எஃப்சி 2014 ஆகஸ்டில் பிறந்த கால்பந்து அணி. இந்தியன் சூப்பர் லீக் என்ற புதிய போட்டி தொடங்க அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் எட்டு நகரங்களுக்கு அணி உரிமம் விற்கப்பட்டபோது சென்னை விட்டுப்போனது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் குழுமம் வாங்கியதோ பெங்களூரை. பிறகு அந்தக் குழுமம் விலகிக்கொள்ள, காலியான இடம் சென்னைக்கு வந்தது. நடிகர் அபிஷேக் பச்சன் உரிமத்தை எடுத்தார். தொழிலதிபர் விட்டா தானியும், கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியும் பங்காளிகளாகச் சேர்ந்தார்கள். மூவரில் ஒருவர்கூடத் தமிழ்நாட்டுக்காரர் அல்லர். தோனியை மட்டும் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் அதற்குள் தத்தெடுத்திருந்தது.

அதுவரை இந்த நகரத்துக் கால்பந்து அலுவலகங்களின் நிழலில் வளர்ந்தது. இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று வேலை கொடுத்த நிறுவனங்களே அணியும் நடத்தின. நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நாற்காலி கிடைக்கும்; காலையில் பயிற்சி, பகலில் கையெழுத்து, மாதக் கடைசியில் சம்பளம். 1996-ல் தொடங்கிய தேசிய லீகில் இந்தியன் வங்கி ஆடியது. அந்த அணி மேல்மட்டத்திலிருந்து இறங்கியபின் தேசிய முதல்நிலைப் போட்டியில் தமிழ்நாட்டின் இடம் நீண்ட காலம் வெறுமையாகக் கிடந்தது. ரசிகர் இல்லாமல் போகவில்லை. கைதட்ட ஒரு பெயர்தான் இல்லை.

புதிய அணிக்கு நீலம் நிறமாயிற்று. சின்னமாக வந்தது திருஷ்டிப் பொம்மை. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் முழித்த கண்ணும் முறுக்கிய மீசையுமாகத் தொங்குகிற அதே முகம். மற்ற அணிகள் யானை, புலி, காண்டாமிருகம் என்று தேடிப் போனபோது இது தெருவிலிருந்து எடுத்த தேர்வு. வெளியூர் உரிமையாளர்களின் அணிக்கு உள்ளூர் முகம் கிடைத்தது முதலில் இதன்வழிதான். சொந்த மைதானம், பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். 1993-ல் நேரு கோப்பைப் போட்டிகளை நடத்திய பழைய அரங்கம் அது. லீக் அதற்கு மெரினா அரீனா என்று பெயர் சூட்டியது. மெரினா கடற்கரை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

முதல் ஆண்டு நட்சத்திரங்களின் ஆண்டு. 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸ் வீரர் ஜிதேனின் தலையால் முட்டப்பட்ட இத்தாலியர் மார்கோ மாத்தராத்சி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்து அந்தப் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவரானார். பட்டியலில் முதலிடம் பிடித்த அணி அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் சிக்கியது. கொச்சியில் 0-3. சென்னையில் அந்த மூன்றையும் திருப்பி அடித்துக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தபின், 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் எல்லாவற்றையும் முடித்தது. கேரளத்தின் மஞ்சளும் சென்னையின் நீலமும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதற்கு விதை விழுந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் ஆண்டுதான் இந்த அணியின் வரலாற்றில் ஆகக் கனமான ஆண்டு. 2015 பருவத்தின் நடுவில் சென்னையின் எஃப்சி பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அந்த நேரத்தில்தான் டிசம்பர் மழை நகரத்தை முழுக்காட்டியது. அடையாறு கரை உடைத்து, வீடுகளின் முதல் மாடிவரை தண்ணீர் நின்ற நாட்கள் அவை. விமான நிலையமே மூடப்பட்டது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதியை டிசம்பர் 12 அன்று புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அடுத்த ஊர்க்காரர்களின் முன்னால் ஆடி, நடப்புச் சாம்பியனான அத்லெடிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தியது அணி. கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கு 4-2.

டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா அரங்கம். எதிரே சொந்த மண்ணில் எஃப்சி கோவா. 54-வது நிமிடத்தில் புரூனோ பெலிசாரி சென்னைக்கு முதல் கோல் அடித்தார். நான்கே நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரே கோவாவை முன்னே கொண்டுபோனதும் அரங்கம் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களில் கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா மூன்றாவதை அடித்தார். 3-2. அந்தப் பருவத்தில் அது அவருடைய 13-வது கோல். வெற்றி வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. வீரர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், உரிமையாளர்கள் வெளியூர்க்காரர்கள், அரையிறுதியும் இறுதியும் வெளியூரில். ஆனாலும் சேறு கழுவிக்கொண்டிருந்த ஒரு நகரம் அந்தக் கோப்பையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. விலைக்கு வாங்கிய உரிமம் ஊரின் அணியாக மாறியது அந்த வாரத்தில்தான் என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு ஏழாம் இடம். மாத்தராத்சி விடைபெற, இங்கிலாந்தின் ஜான் கிரிகரி பொறுப்பேற்றார். அவர் கட்டிய அணியில் பெயர்கள் சிறியவை, ஒழுங்கு பெரிது. 2017-18 பருவத்தில் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவைத் தாண்டி, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்சியைச் சந்தித்தது. லீக் முழுக்க ஆதிக்கம் செலுத்திய அணி, அதன் சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரியின் கோல். பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். ரஃபேல் அகுஸ்தோ மூன்றாவது அடித்தார். மறுபடியும் 3-2, மறுபடியும் எதிரியின் ஊரில்.

அந்தக் கோப்பை ஆசியக் கதவைத் திறந்தது. 2019 ஏஎஃப்சி கோப்பைத் தகுதிச் சுற்றில் இலங்கையின் கொழும்பு எஃப்சியை வென்று பிரிவுச் சுற்றுக்குள் நுழைந்த சென்னை, அங்கே இரண்டாம் இடத்தில் முடித்தது. வேடிக்கை என்னவென்றால் அதன் 'சொந்த ஊர்' ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன. அதே பருவத்தில் உள்நாட்டு லீகில் கடைசி இடம். ஓராண்டில் சிகரமும் பள்ளமும் பார்த்துவிட்ட அணி, 2019 டிசம்பரில் ஓவன் காயிலைப் பயிற்சியாளராக்கியதும் மீண்டும் துள்ளியது. அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் வென்று, 2020 மார்ச் 14 அன்று ஃபட்டோர்டாவில் இறுதி ஆடியது. கொரோனா காரணமாக அரங்கத்தில் பார்வையாளர் இல்லை. ஏடிகே (பழைய அத்லெடிகோ டி கொல்கத்தா) 3-1 என்று வென்றது. லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் சென்னைக்காக 15 கோல் அடித்திருந்தார்.

அதற்குப் பிந்திய இரண்டு பருவங்களை லீக் முழுவதையும் கோவாவுக்குள் பூட்டி நடத்தினார்கள். 2022 அக்டோபரில்தான் அணி பெரியமேட்டுக்குத் திரும்பியது. பிறகான ஆண்டுகள் பெரும்பாலும் பட்டியலின் நடுவிலும் கீழுமாகவே கழிந்தன. காயில் இரண்டாம் முறை வந்த 2023-24-ல் ஆறாம் இடம் பிடித்து நாக்அவுட் சுற்றை எட்டியதுதான் இடைப்பட்ட வெளிச்சம்.

கேலரிக்கு இந்த அணி செய்தது கோப்பைகளைவிடப் பெரிது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற இரண்டு ரசிகர் கூட்டங்கள் பறையும் பாட்டுமாகத் தொண்ணூறு நிமிடமும் நின்றபடி ஆடிக் களிக்கும். கொச்சியிலிருந்து மஞ்சள் சட்டைகள் ரயிலேறி வரும் நாளில் அந்தச் சத்தம் இரட்டிப்பாகும். அணிக்கு உள்ளூர் வீரரும் வாய்த்தார். நகரத்தின் வடபகுதியில் வியாசர்பாடி இருக்கிறது. குடிசைப் பகுதிச் சிறுவர்களுக்காக அங்கே நடக்கும் கால்பந்துப் பயிற்சி மையத்திலிருந்து வந்தவர் தனபால் கணேஷ். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அவர் அடித்த கோல், அந்தத் தெருக்களில் வெளிநாட்டவர் அடித்த எந்தக் கோலையும்விட அதிகம் பேசப்பட்டிருக்கும். இன்னொரு வியாசர்பாடிப் பிள்ளையான நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா, கொல்கத்தா என்று பிற ஊர் அணிகளில் பெயர் பெற்றார்.

தெற்கே வந்தால் கணக்கு வேறு. தூத்துக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். முத்துக்குளித்துறையிலிருந்து குமரி தாண்டி நீரோடி வரையிலான கடற்கரையில் மணலும் பந்தும் இருந்தால் மாலை ஆட்டத்துக்குப் போதும். கட்டுமரக்காரரின் பிள்ளைக்கு மட்டையும் கையுறையும் காலணியும் வாங்கும் செலவில்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவ ஊர்களில் கால்பந்துதான் முதல் விளையாட்டு. அங்கே உள்ள இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்கே ஆடியவர். 2020 இறுதியில் சென்னையைத் தோற்கடித்த ஏடிகே அணியில் அவரும் இருந்தார் என்பது தென்கடற்கரைக்குச் சற்றுச் சங்கடமான பெருமை.

தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய தொழில்முறை அணி ஒன்று இருந்தது. ஆனால் அது கிரிக்கெட் அணி. தமிழ்நாடு பிரீமியர் லீகின் முதல் பருவத்தில், 2016 செப்டம்பர் 18 அன்று, டூட்டி பேட்ரியாட்ஸ் சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் நொறுக்கிக் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு வாஷிங்டன் சுந்தர் அதன் சட்டையில்தான் தொடரின் சிறந்த வீரரானார். அந்தப் பருவங்களின் ஆட்டங்கள் சென்னை, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் என்ற மூன்று இடங்களில் நடந்தன. துறைமுக ஊர் தன் சாம்பியனைத் தொலைக்காட்சியில் பார்த்தது. 2021-ல் அதன் இடத்தில் சேலம் ஸ்பார்டன்ஸ் வந்தது. பெயர் போனதற்குத் தூத்துக்குடியில் பெரிய அழுகை எதுவும் எழவில்லை. ஊருக்குள் கால்வைக்காத அணிக்கு எதற்கு ஒப்பாரி.

ஊருக்குள்ளேயே முளைத்த அணி எப்படி இருக்கும் என்று பார்க்க இன்னொரு துறைமுகத்துக்குப் போகலாம். துருக்கியில் கருங்கடல் கரையில் டிராப்ஸான் என்றொரு நகரம் உண்டு. நெத்திலி மீனுக்குப் பேர்போன ஊர். 1967-ல் உள்ளூர் மன்றங்கள் ஒன்றாகி டிராப்ஸான்ஸ்போர் என்ற அணியை அமைத்தன. 1976-ல் அது தேசிய லீகை வென்றபோது, இஸ்தான்புல்லுக்கு வெளியே போன முதல் பட்டம் அதுதான். 1984-க்குள் ஆறு பட்டங்கள். பிறகு 38 ஆண்டு காத்திருந்து 2022-ல் ஏழாவது. அந்த மாகாணத்து வண்டிகளின் பதிவு எண் 61 என்பதால் ஆட்டத்தின் 61-வது நிமிடத்தில் கேலரி எழுந்து ஆர்ப்பரிக்கும். மைதானம் இருக்கும் விளையாட்டு வளாகத்துக்கு உள்ளூர்க் கோல்கீப்பரும் பின்னாளில் பயிற்சியாளருமான ஷெனோல் குனேஷின் பெயர். அங்கே ஊர் முதலில், அணி பிறகு. இங்கே லீக் முதலில், அணி அடுத்து, ஊர் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணேறு விஷயத்தில் மட்டும் இரு நாடும் ஒன்று: அவர்கள் நீலக்கண் மணி கட்டுகிறார்கள், சென்னை நீலச் சட்டையில் பொம்மையைக் குத்திக்கொண்டது.

ஊர் ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்சி 2017 ஜனவரியில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியில் நுழைந்தது. பிறகு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, கேலரியில் கோவை. சூசைராஜ் நாடறிய வளர்ந்தது இந்த அணியில்தான். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெத்ரோ மான்சி 21 கோல் அடிக்க, 2018-19 ஐ-லீகை வென்றது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திய பட்டம் அது. சுவிட்சர்லாந்தின் பாசெல் மன்றம் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020-21 பருவத்துக்குப் பின் அந்த அணி ஐ-லீகில் இல்லை.

சென்னையின் எஃப்சியும் பணத்தின் சங்கடத்திலிருந்து தப்பவில்லை. இந்தியன் சூப்பர் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-ல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கும் பேச்சு இழுபறியானதால் அந்த ஆண்டு ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒளிபரப்பு இல்லை, விளம்பரதாரர் இல்லை, டிக்கெட் வருமானம் இல்லை. ஆனால் வீரர்களின் ஒப்பந்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த லீகில் அணிகளின் வரவுக்கு முக்கிய ஊற்றாக இருந்தது லீகின் மைய வருவாயிலிருந்து வந்த பங்கு. அது நின்றதும் ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. கிளிஃபோர்ட் மிராண்டாவைப் புதிய தலைமைப் பயிற்சியாளராக நியமித்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன.