கிறித்தவர் அன்றாட வாழ்வில் இறைபுகழ்ச்சி: தருமபுரிப் பின்னணியில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கிறித்தவரின் அன்றாட வாழ்வில் இறைவனைப் புகழ்தல் வணக்கச் சொல்லாகவும் நேரம் வகுத்த செபமாகவும் துன்பத்தில் எழும் மன்றாட்டாகவும் விளங்குகிறது. இப்புகழ்ச்சிக்குரிய சொற்கள் தமிழில் அமைந்த வரலாற்றையும், அவை மனித உறவுகளில் ஆற்றும் பணியையும், புகழ்ச்சிக்கும் புலம்பலுக்கும் உள்ள தொடர்பையும் தருமபுரிப் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தோத்திரம், புகழ், திருப்பாடல்கள், வணக்கமுறை, புலம்பல், தருமபுரி

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட தருமபுரி, தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எல்லைப்புற மாவட்டமாகும். 2004ஆம் ஆண்டு இதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் தருமபுரி மறைமாவட்டம் 1997ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, இவ்விரு மாவட்டங்களையும் உள்ளடக்கி அமைந்தது. இங்குக் கிறித்தவர் சிறுபான்மையினர். ஆதலின் ஒருவர் மற்றொருவரைக் காணும்போது கூறும் புகழ்ச்சொல், வழிபாட்டு மொழியாக இருப்பதோடு இன்னார் இச்சமூகத்தவர் என்பதை உணர்த்தும் அடையாளமாகவும் அமைகிறது.

புகழ்ச்சொற்களின் வரலாறு

1606ஆம் ஆண்டு மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி (1577-1656), 1623ஆம் ஆண்டளவில் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் பயணம் செய்தார். கொங்கு வட்டாரத்தின் வடபகுதியில் கத்தோலிக்க மறைப்பணி தொடங்கியதற்கு இப்பயணம் ஒரு வாயிலாயிற்று. அவர் இறைவனைக் குறிக்கச் 'சருவேசுரன்' என்னும் சொல்லைக் கையாண்டார். அச்சொல்லுடன் 'தோத்திரம்' இணைந்து, 'சர்வேசுரனுக்குத் தோத்திரம்' என்பது கத்தோலிக்கரின் வணக்கமொழியாக நெடுங்காலம் வழங்கியது.

தோத்திரம் என்பது வடசொல்லின் தமிழ்வடிவம். சைவ மரபு பன்னிரு திருமுறைகளைத் தோத்திர நூல்கள் என்றும், மெய்கண்ட நூல்கள் பதினான்கனைச் சாத்திர நூல்கள் என்றும் வகைப்படுத்துகிறது. எனவே தமிழ்க் கிறித்தவர் தம் இறைவனைப் புகழப் புதுச்சொல் படைக்கவில்லை. தம்மைச் சூழ்ந்த பத்திமரபு பயன்படுத்திய சொல்லையே ஏற்றனர். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் 'ஸ்தோத்திரம்', 'துதி' ஆகியவை நிலைபெற்றன. அவர்களிடையே 'ஸ்தோத்திரம்' இன்றும் வணக்கச் சொல்லாக வழங்குகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-1965) பின்னர்த் திருப்பலி தமிழில் நிகழத் தொடங்கியது. தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கமும் திருவழிபாட்டு மொழியில் படிந்தது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'போற்றுதல்', 'புகழ்தல்' என்பவை முதன்மை பெற்றன. கத்தோலிக்கரின் வணக்கமொழியும் 'இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க' என்றாயிற்று. நேரம் வகுத்துச் செபிக்கும் முறைக்குத் தமிழில் அமைந்த 'திருப்புகழ்மாலை' என்னும் பெயர், அருணகிரிநாதரின் திருப்புகழை நினைவூட்டுவது குறிப்பிடத்தக்கது. சொல் மாறியபோதும், சூழலிலிருந்து சொல்லைப் பெறும் இயல்பு மாறவில்லை எனலாம்.

வணக்கத்தில் புகழ்ச்சி

ஒருவரை ஒருவர் காணும்போது இறைவனைப் புகழ்வது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இயேசு கிறித்துவுக்குப் புகழ் கூறும் இலத்தீன் வணக்கத்தைப் பயன்படுத்துவோர்க்கு 1587ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஞானப்பலன் வழங்கினார். இத்தகைய வணக்கத்தின் அமைப்பு நுட்பமானது. சொல்லப்படுவது எதிரில் நிற்பவரிடம், புகழப்படுபவரோ இறைவன். வணங்குவோர், வணங்கப்படுவோர் என்னும் இருவருக்கிடையில் மூன்றாமவராக இறைவன் நிறுத்தப்படுகிறார்.

சாதிப்படிநிலையால் யார் யாரைக் கும்பிட வேண்டும் என்று வரையறுத்த சமூகத்தில் இவ்வமைப்பிற்குத் தனிப்பொருள் உண்டு. பழைய வழக்கில் இறைமக்கள் 'தோத்திரம் சாமி' என்பர். குருவானவர் ஆசீர் அளிப்பார். அங்கு மேல், கீழ் என்னும் நிலை எஞ்சியிருந்தது. புதிய வழக்கில் கேட்பவர் அதே புகழ்மொழியைத் திருப்பிக் கூற இயல்கிறது. இருவரும் ஒரே சொல்லைக் கூறும்போது, இருவரும் ஒருவருக்கே கீழ்ப்பட்டவர் என்பது உணர்த்தப்படுகிறது.

எனினும் சொல்லின் சமத்துவம் வாழ்வின் சமத்துவமாகத் தானே மாறிவிடுவதில்லை. இறைபுகழ்ச்சியைக் கருநாடக இசையில் பாடி, தமிழ்த் திருச்சபைகளுக்குக் கீர்த்தனை மரபை வழங்கியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). அவரே 1820களின் இறுதியில், ஆலயத்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற மறைப்பணியாளரை எதிர்த்துச் சாதி வழக்கத்திற்கு ஆதரவாக எழுதினார். ஒரே இறைவனைப் பாடியவர்கள் ஒரே வரிசையில் அமர மறுத்த இந்நிகழ்வு, நாவின் புகழ்ச்சிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டுகிறது. ஆமோஸ் இறைவாக்கினர் நூலின் ஐந்தாம் அதிகாரம், நீதி இல்லாத இடத்தில் எழும் பாடலின் ஓசையை இறைவன் வெறுப்பதாகக் கூறுவது இங்கு எண்ணத்தக்கது.

புகழ்ச்சியும் புலம்பலும்

'அல்லேலூயா' என்னும் எபிரேயச் சொல் 'ஆண்டவரைப் புகழுங்கள்' எனப் பொருள்படும் பன்மை ஏவலாகும். தனித்துக் கூறினும் அச்சொல் பிறரை அழைக்கிறது. சங்கீதம் எனவும் திருப்பாடல்கள் எனவும் வழங்கும் நூலின் எபிரேயப் பெயருக்குப் 'புகழ்ப்பாக்கள்' என்பது பொருள். ஐந்து பகுதிகளாக அமைந்த அந்நூலின் ஒவ்வொரு பகுதியும் புகழுரையோடு முடிகிறது. நாளில் ஏழுமுறை புகழ்வதாகக் கூறும் 119ஆம் பாடல், துறவியரின் நேர வழிபாட்டிற்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

ஆயினும் புகழ்ப்பாக்கள் எனப் பெயர்பெற்ற அந்நூலில் புலம்பல்களே பெருந்தொகையாக உள்ளன. 13, 22ஆம் பாடல்கள் முறையீட்டில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகின்றன. 88ஆம் பாடலோ இருளிலேயே முடிகிறது. அப்பாடலும் நூலிலிருந்து நீக்கப்படவில்லை. இதனால், துன்பத்தை மறைப்பது புகழ்ச்சியின் இலக்கணமன்று என்பது தெளிவாகிறது.

மழை பொய்க்கும் மானாவாரி நிலமும், பிழைப்பு நாடிப் பெங்களூருக்கும் பிற நகரங்களுக்கும் செல்லும் குடும்பங்களும் உள்ள தருமபுரியில் இவ்வேறுபாடு வெறும் இறையியல் நுட்பமன்று. இழப்புற்றவரிடம் 'எல்லாவற்றிலும் துதியுங்கள்' என்று கூறுவது ஆறுதலாகலாம். அவர் அழுகையை அடக்கும் கட்டளையாகவும் ஆகலாம். யோபு தம் மக்களை இழந்த நாளில் இறைவனின் பெயரைப் போற்றினார். ஆயினும் அடுத்து வரும் அதிகாரங்களில் அவரே இறைவனோடு வழக்காடினார். நூலின் முடிவில் கடிந்துகொள்ளப்படுவோர் யோபுவுக்கு அறிவுரை கூறிய நண்பர்களே. சாவு வீட்டில் ஒப்பாரிக்கு இடமளிக்கும் தமிழ் மரபு, இவ்விவிலியப் புலம்பலோடு எளிதில் இயைவதாகும்.

முடிவுரை

தமிழ்க் கிறித்தவரின் புகழ்ச்சொற்கள் தமிழ்ப் பத்தி மரபிலிருந்தும் மொழி இயக்கத்திலிருந்தும் வளம் பெற்றுள்ளன. அன்றாட வணக்கத்தில் அவை மனிதரை இறைவன்முன் ஒரே நிலையில் நிறுத்தும் ஆற்றல் உடையன. அவ்வாற்றல் அமரும் இடத்திலும் பழகும் முறையிலும் வெளிப்படும்போதே சொல் நிறைவுறுகிறது. புலம்பலையும் தன்னுள் ஏற்ற புகழ்ச்சியே திருப்பாடல் மரபுக்கு உரியது. தருமபுரி போன்ற பன்மொழி வட்டாரங்களில் தெலுங்கு, கன்னடக் கிறித்தவரின் வணக்கமொழிகளைத் தமிழ் வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையை மேலும் விரிவாக்கும்.