'பட்' போடுற இடத்துல 'ஹவ்எவர்' போடுறீங்களா?

குற்றாலத்தில் சீசன். தென்காசியில் வேலை பார்க்கும் நீங்கள், கிளம்பி வரும் சென்னை டீமுக்கு மெயில் தட்டுகிறீர்கள்: 'சீசன் ஹேஸ் ஸ்டார்ட்டட், ஹவ்எவர் பேத்திங் இஸ் பேன்ட்.' அர்த்தம் புரியும். ஆனா இலக்கணம் தப்பு.

ஏன்? தமிழில் 'ஆனால்' எங்கே வேண்டுமானாலும் பொருந்திவிடும். ஆங்கிலத்தில் 'பட்' இணைப்புச்சொல். கமா போட்டு இரண்டு வாக்கியங்களை ஒட்டும். 'ஹவ்எவர்' வினையடை, ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும், பின்னால் கமா. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' எல்லாம் இதே கட்சிதான்.

இன்னொரு தப்பு, 'ஆல்தோ' போட்டுவிட்டு 'பட்'டும் போடுவது. 'மழை பெய்தாலும் போனோம்' என்பதில் ஒரே ஒரு 'உம்' போதும்தானே? அங்கேயும் ஒன்று போதும்.

இது வெறும் மார்க் விஷயம் இல்லை. 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் உயிரிழந்தார். மொபைலில் மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணுக்குத் தடைதான் முதலில் தெரியணும். அதனால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, புது வாக்கியத்தை 'ஹவ்எவர்' என்று தொடங்குங்கள்.