அண்டை வீட்டு ஓசையும் அடுக்குமாடிச் சுவரும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ளது சந்தாபுரா. 1978 ஆம் ஆண்டில் தோன்றிய எலக்ட்ரானிக்ஸ் சிட்டியும், பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் இதற்கு அருகில் உள்ளன. அவற்றில் பணிபுரிவோர் பலர் இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். அதே வேளையில் அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடும். மேல்தளத்தில் குழந்தைகள் ஓடியாடுவர். எவரும் தவறு செய்யவில்லை. எனினும் மனக்கசப்பு வளர்கிறது. இதன் காரணத்தை மனிதரிடம் தேடுமுன் சுவரிடம் தேடுவது பொருத்தமாகும்.

ஒலி கடந்து வரும் விதம்

பக்கத்து வீட்டுப் பேச்சு, முதலில் காற்றை அதிர்விக்கிறது. காற்று சுவரை மத்தளத் தோல் போல் அதிரச் செய்கிறது. அச்சுவர் மறுபுறத்துக் காற்றை அதிர்விக்கிறது. இது காற்றுவழி ஒலி. நாற்காலியை இழுத்தல், உலக்கையால் இடித்தல் ஆகியவை தளத்தையே நேராக அதிர்விக்கின்றன. இது மோதல் ஒலி. இரண்டிற்கும் பரிகாரம் வேறு வேறு.

காற்றுவழி ஒலியைத் தடுப்பது முக்கியமாகச் சுவரின் எடையே. எடை இரட்டித்தால் தடுப்பு ஏறத்தாழ 5 டெசிபெல் உயரும். இருபுறமும் பூசப்பட்ட 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபெல் அளவு ஒலியைக் குறைக்கும். தற்காலத்தில் வழங்கும் ஏ.ஏ.சி. பிளாக்குகள் நுண்ணிய காற்றறைகள் நிறைந்தவை, இலேசானவை. அவற்றால் கட்டிப் பூசிய 100 மில்லிமீட்டர் சுவர் சுமார் 40 டெசிபெல்தான் குறைக்கும்.

இந்த 10 டெசிபெல் வேற்றுமை சிறிதன்று. ஒரு வீட்டில் தொலைக்காட்சி 75 டெசிபெல் அளவில் ஒலிப்பதாகக் கொள்வோம். செங்கல் சுவருக்கு அப்பால் ஏறத்தாழ 25 டெசிபெல் கேட்கும். இலேசான சுவருக்கு அப்பால் 35 டெசிபெல் கேட்கும். நல்ல உறக்கத்திற்குப் படுக்கையறையில் 30 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆகவே ஒரு வீட்டில் உறக்கம் வருகிறது, மற்றொன்றில் வருவதில்லை.

சிறு இடைவெளி, பெரு நஷ்டம்

50 டெசிபெல் குறைக்கும் சுவர், தன்மேல் விழும் ஒலி ஆற்றலில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கையே கடக்கவிடுகிறது. அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் நுழைந்துவிடும். தடுப்பு 20 டெசிபெலாகச் சரியும். கதவின் அடியிலுள்ள சந்து, குழாய் செல்லும் துவாரம், இரு வீட்டிலும் நேருக்கு நேர் பதித்த ஸ்விட்ச் பெட்டிகள் ஆகியவை இத்தகைய வழிகளாகும்.

கனத்த திரைச்சீலையும் பஞ்சுத் தகடுகளும் அறைக்குள் எதிரொலியைத் தணிக்கும். அண்டை வீட்டு ஒலியைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. மோதல் ஒலிக்கோ கனமான கான்கிரீட் தளம் மட்டும் போதாது. தளத்திற்கும் மேற்பரப்பு ஓடுகளுக்கும் இடையே ரப்பர், கார்க் போன்ற மெத்தென்ற அடுக்கு வேண்டும். குடியேறிய பின்னர் செய்யக்கூடியது, மேல்வீட்டார் ஜமக்காளம் விரிப்பதும் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் இடுவதுமாகும்.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

கைப்பேசியை ஒலிக்கச் செய்து தகரப் பெட்டியில் வையுங்கள். திறந்த பெட்டியின்மேல் மெல்லிய துணியை இட்டால் ஒலி அவ்வளவாகக் குறையாது. மூடியை நன்கு மூடினால் குறையும். மூடியை ஒரு விரற்கடை உயர்த்தினால் மீண்டும் ஓங்கும். அடுத்து, ஒரு மாணவர் மேசையில் காதை வைக்க, மற்றொருவர் அதைப் பென்சிலால் தட்டட்டும். பின்னர் மடித்த துண்டின்மேல் தட்டட்டும். தடுப்பின் இரு தத்துவங்களும் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

சட்டமும் கட்டடமும்

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெலும் வரம்பாக வகுத்தன. ஆனால் சட்டம் சுவரைத் தடிப்பாக்காது. இந்தியத் தர நிறுவனம் 1962 ஆம் ஆண்டிலேயே கட்டடங்களின் ஒலித் தடுப்புக்கு நெறிமுறை வெளியிட்டது. 2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் இதற்குத் தனிப் பகுதி உண்டு. வீடு வாங்குவோர் தரையின் பளபளப்பை நோக்குவதோடு, இரு வீட்டிற்கும் பொதுவான சுவர் எதனால் ஆனது, எவ்வளவு தடிப்பு, தளத்தின்கீழ் மெத்தென்ற அடுக்கு உண்டா என்று கேட்டறிதல் நன்று. கட்டும்போது எளிதில் அமையும் தடுப்பைக் கட்டிய பின் அமைப்பது கடினம், செலவும் மிகுதி. இதை மக்களுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளரும் ஆசிரியரும் ஆற்றக்கூடிய நற்பணியாகும்.