44 டிகிரி வெந்நீரும் ஒரு குதிகாலும்

இங்கிலாந்தில் முதியோர் இல்லம் நடத்துபவர்கள் குளியல் தொட்டிக்கு விடும் வெந்நீர் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. அதே கட்டடத்தின் பாய்லர் அறையில், சேமிப்புத் தொட்டிக்குள் அந்த நீர் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது. இரண்டையும் வலியுறுத்துவது ஒரே பாதுகாப்புத் துறை. முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். ஒரே தண்ணீரை எதற்காக அவ்வளவு சூடாக்க வேண்டும், பிறகு எதற்காகக் குறைக்க வேண்டும்?

60 என்ற எண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடத்தினார்கள். வீடு திரும்பியவர்களுக்கு அடுத்தடுத்துக் கடும் நிமோனியா வந்தது. ஏறத்தாழ 200 பேர் படுத்தார்கள். 30 பேர் அளவில் இறந்தார்கள். சில மாதம் கழித்துத்தான் லீஜியோனெல்லா என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கிருமி பிடிபட்டது. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில், அதுவும் தேங்கி நிற்கும் நீரில், அது செழித்துப் பெருகும். ஷவரைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். முதியவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. 60 டிகிரியில் அது சில நிமிடங்களில் மடிந்துவிடும்.

44 என்ற எண்ணுக்குக் காரணம் தோல். அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் இதற்கு அடிப்படை. எந்தச் சூடு எவ்வளவு நேரம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அவர்கள் அளந்தார்கள். 44 டிகிரி நீர் தோலைப் பொசுக்கச் சுமார் 6 மணி நேரம் ஆகும். 49 டிகிரிக்குப் பத்து நிமிடம் போதும். 60 டிகிரிக்கு 5 விநாடி. நமக்கு 5 விநாடி தாராளம். சுரீரென்றதும் காலை இழுத்துக்கொள்வோம். எண்பது வயதில் தோல் மெலிந்திருக்கும், சூடு உறைக்கத் தாமதமாகும், தொட்டியிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. டிமென்ஷியா முற்றியவருக்கு, சுடுகிறது என்று சொல்லவும் வராது.

ஆக, கிருமி சாக வேண்டும், ஆள் வேகக்கூடாது. இதைத் தீர்த்துவைப்பது குழாய்க்கு அருகில் பொருத்திய உள்ளங்கை அளவு வால்வு. வெந்நீரும் குளிர்ந்த நீரும் அதற்குள் கலக்கின்றன. பல வகைகளில் உள்ளே மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி இருக்கும். நீர் சூடேறினால் மெழுகு விரிந்து ஒரு தண்டைத் தள்ளும். வெந்நீர் வரும் வாய் சுருங்கும். குளிர்ந்த நீர் திடீரென்று நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். மின்சாரம் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இவ்வளவு எளிய பொருள் இத்தனை உயிரைக் காக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் உப்புப் படிந்தால் அது இறுகிவிடும். அதனால்தான் இல்லத்தைச் சோதிக்க வரும் நல்ல ஆய்வாளர் பராமரிப்புப் பதிவேட்டைப் படிப்பதோடு நிற்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தெர்மாமீட்டரை நீரில் பிடித்துக்கொண்டு, முள் நிற்கும்வரை காத்திருப்பார். பிறகு, “அந்தக் கடைசி அறை எத்தனை நாளாகக் காலி? அங்கே குழாயை யார் திறந்துவிடுகிறார்கள்?” என்று கேட்பார். ஆளில்லாத அறையில்தான் நீர் தேங்கும்.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்ய 2009 முதல் ‘கேர் குவாலிட்டி கமிஷன்’ என்ற அமைப்பு இருக்கிறது. இல்லம் பாதுகாப்பானதா, கவனிப்பு பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, அவரவர் தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்விகள் கேட்டு, நான்கு தரங்களில் ஒன்றைத் தரும். அந்தத் தரத்தை இல்லம் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைத்தாக வேண்டும். ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்கள்.

ஓர் இல்லம் எப்படிக் கவனிக்கிறது என்பதற்கு அங்கிருப்பவரின் உடம்பே சாட்சி. குதிகாலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எலும்புக்கும் தோலுக்கும் இடையில் சதை மிகக் குறைவு. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் ஓடும் அழுத்தம் பாதரச அளவில் முப்பது மில்லிமீட்டரை ஒட்டியது. மெத்தையில் அசையாமல் கிடக்கும் குதிகாலின் மேல் விழும் அழுத்தம் இதைச் சுலபமாகத் தாண்டும். தோட்டத்துக் குழாயை மிதித்துக்கொண்டு நிற்பது போல, இரத்தம் அங்கேயே நின்றுவிடும். நாம் தூக்கத்திலும் நம்மை அறியாமல் புரண்டு படுத்துத் தப்பிக்கிறோம். புரள முடியாதவரை யாராவது புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பல சமயம் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் திசு முதலில் சாகத் தொடங்குகிறது. தோல் உடைந்து படுக்கைப்புண் வெளியே தெரியும்போது உள்ளே சேதம் பெரிதாகியிருக்கும்.

1960-களின் தொடக்கம்வரை மருத்துவமனைகளில் இதற்கு விதவிதமான களிம்பும் எண்ணெயும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேய செவிலியர் முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து, காப்பாற்றுவது களிம்பல்ல, அழுத்தத்தை எடுத்துவிடுவதுதான் என்று 1962-இல் எழுதினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு வழியும் கண்டார். மருந்து கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் முதல் படி. செவிலியர் பாடத்தில் நெடுங்காலமாக உள்ள சோதனை இது. ஆனால் நம்முடையதைப் போன்ற கருத்த தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய சோதனையை மட்டும் நம்பினால் நம் பாட்டியின் புண் தாமதமாகத்தான் கண்ணில் படும். நம்மவர்களுக்குக் கையால்தான் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்தால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, நிறம் ஊதா கலந்து கறுத்திருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று மற்றொரு குதிகாலோடு ஒப்பிட வேண்டும்.

தாகமும் இப்படி ஏமாற்றும். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களையும் முதியவர்களையும் 24 மணி நேரம் நீர் அருந்தாமல் இருக்கச் சொன்னார்கள். முதியவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்திருந்தும் தாகம் அவ்வளவாகத் தெரியவில்லை; பிறகு நீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். எனவே “கேட்டால் கொடுப்போம்” என்று சொல்லும் இல்லத்தில் முதியவர் காய்ந்துபோவார். மேசையில் டம்ளர் இருக்கிறதா என்பதைவிட, அது கைக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி. எடையும் அப்படித்தான். 50 கிலோ இருந்தவர் ஆறு மாதத்துக்குள் தானாக 5 கிலோவுக்கு மேல் இளைத்திருந்தால், இங்கிலாந்தின் ஊட்டச்சத்து மதிப்பீட்டு முறையில் அவர் உயர் அபாயப் பிரிவில் வருவார். வயசானால் இளைப்பது இயல்பு என்று நாம் விட்டுவிடுவது இந்த ஐந்து கிலோவைத்தான்.

பரிவை எப்படி அளப்பது? அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பேச முடியாத அளவு மறதி முற்றியவர்கள் இருக்கும் கூடத்தில் ஆய்வாளர் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார். பிராட்போர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய முறை அது. ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து, ஒருவரின் முகம் மலர்ந்ததா வாடியதா, எதிலாவது ஈடுபட்டாரா, பணியாளர் அவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்று குறித்துக்கொண்டே இருப்பார். ஒரு கரண்டிச் சோறு ஊட்டப்படும்போது ஊட்டுகிறவர் அவர் முகத்தைப் பார்த்தாரா, டிவியைப் பார்த்தாரா என்பதும் அந்தத் தாளில் ஏறும்.

இரவுதான் மிகக் கடினமான சோதனை. 2004 ஜனவரி 31 அதிகாலை, ஸ்காட்லாந்தில் ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் ஓர் அலமாரிக்குள் மின்கோளாறால் தீப்பிடித்தது. 14 முதியவர்கள் இறந்தார்கள். படுக்கையறைக் கதவுகள் பல திறந்திருந்ததால் புகை உள்ளே புகுந்தது. தீயணைப்புத் துறையை அழைப்பதும் தாமதமானது. முறையான திட்டமிருந்தால் அந்த உயிர்களில் சிலவோ அனைத்துமோ தப்பியிருக்கக்கூடும் என்றது பின்னர் நடந்த விசாரணை. பகலில் பளபளக்கும் இல்லத்தில், இரவுப் பணியில் எத்தனை பேர், அலாரம் அடித்தால் முதல் வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்காத ஆய்வு அரைகுறைதான்.

இங்கிலாந்தின் கேர் குவாலிட்டி கமிஷனே சோதனைக்குத் தப்பவில்லை. 2024-இல் அரசு கேட்டுக்கொண்டபடி மருத்துவர் பென்னி டாஷ் அதை ஆராய்ந்தார். ஆய்வுக்கு உட்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரம் வழங்கப்படவில்லை என்று எழுதினார். சட்டமும் ஆளும் பணமும் உள்ள நாட்டிலேயே ஆய்வாளர் வருவது அபூர்வம். அவர் போனபின் மிச்ச நாட்களில் அந்த உடம்பைப் பார்க்கப்போவது குடும்பம் மட்டுமே.

உங்கள் அம்மாவோ மாமனாரோ ஓர் இல்லத்தில் இருந்தால், வரவேற்பறையில் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். அறைக்குள் போய்க் குழாயைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். டம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போன மாதம் எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிவையுங்கள். போர்வையை விலக்கி இரண்டு குதிகாலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவோ கறுத்தோ இருந்தால் அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாமல், அங்கிருந்து கிளம்புவதற்குள் செவிலியரை அழைத்துக் காட்டுங்கள்.